கராத்தே குமிட்டேயில் நேராகப் பின்வாங்கும் பிள்ளைக்குச் சிறப்பு முகாம் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, கராத்தேயில் பிரவுன் பெல்ட் (கறுப்புக்கு முந்தைய நிலை). கட்டா என்னும் தனியாள் அசைவுத் தொடரை நன்றாகச் செய்கிறாள். குமிட்டே என்னும் நேருக்கு நேர் மோதலில் உயரமான பிள்ளைகள் முன்னேறி வந்தால் மட்டும் நேராகப் பின்வாங்கி எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுகிறாள். உடலை விலக்கி எதிராளியைக் கட்டுப்படுத்தும் ‘சபாக்கி’யை மூன்று நாள் முகாமில் கற்றுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கட்டணம் அதிகம், சான்றிதழும் உண்டாம். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். சபாக்கி ரகசிய வித்தை அன்று. ஒட்சுகா ஹிரோனோரி தாம் கற்ற ஜுஜுட்சு என்னும் ஜப்பானிய மல்யுத்தக் கலையின் நகர்வுகளைக் கராத்தேயுடன் இணைத்து வாடோ-ரியூ என்னும் கராத்தே பாணியை உருவாக்கினார். ஆஷிஹாரா ஹிடேயுகி 1980இல் தொடங்கிய கராத்தே பள்ளி சபாக்கியையே மையமாகக் கொண்டது. வழக்கமான வகுப்பிலேயே, மாதக் கட்டணத்துக்குள்ளேயே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

முன்னோக்கி வருபவரின் வேகத்துக்குப் பின்னோக்கிப் போகிறவரால் ஈடுகொடுக்க முடியாது. முதல் குத்து தவறினாலும் இரண்டாவது வந்து சேரும். 8 மீட்டர் சதுரப் போட்டிக்களத்தில் பின்னால் இருக்கும் இடமும் சில எட்டுகள்தாம். ஆகவே எதிராளி வலக்கையால் நேராகக் குத்தும்போது, உங்கள் மகள் இடக்காலைச் சாய்வாக முன்னே, இடப்புறம் ஓரடி எடுத்து வைத்து, பின்காலை இழுத்துக்கொண்டு இடுப்பைத் திருப்ப வேண்டும். இப்போது அவள் குத்தும் கைக்கு வெளிப்புறத்தில் நிற்பாள். எதிராளியின் முழங்கைக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்து அவர் உடம்பை நோக்கி அழுத்தினால், அவருடைய இடக்கை அவர் உடம்பைச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். கட்டுப்படுத்துவது என்பது இவ்வளவுதான். முறுக்குவதற்கு வலு வேண்டியதில்லை. போட்டியில் பிடித்துக்கொண்டே நிற்பது தவறு என்பதால், கை பட்ட கணத்திலேயே அவளுடைய குத்து புறப்பட வேண்டும்.

சரியாக நகர்ந்தாளா என்பதை நீங்களே பார்க்கலாம். அவளுடைய தொப்புள் எதிராளியை நோக்கியும், எதிராளியின் தொப்புள் வேறெங்கோ நோக்கியும் இருந்தால் சரி.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எதிராளியின் வலக்கால் பக்கவாட்டில் வளைந்து வரும் மவாஷி-கெரி உதை அவளுடைய இடப்பக்கத்தைத் தேடித்தான் வரும். அப்போதும் பழக்கத்தில் இடப்புறம் விலகினால், உதையை அவளே போய் வாங்கிக்கொள்வாள். வலப்புறம் எட்டி விலகினாலும், பாதத்தின் வேகம் மிக அதிகமாக உள்ள எல்லைக்குள்தான் சிக்குவாள். கைகளை உயர்த்திக் காத்துக்கொண்டு, எதிராளியின் இடுப்பருகே நேராக உள்ளே நுழைந்துவிட்டால் தொடைதான் மேலே படும். தொடைக்குப் பாதத்தின் வேகம் கிடையாது. குத்தா உதையா என்பதை எதிராளியின் இடுப்பைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாள் முகாம் இதை எப்படித் தரும்?

வகுப்பிலும் ஒரு கோளாறு உண்டு. ஜோடிப் பயிற்சியில் எட்டாத தூரத்திலிருந்து, முகத்துக்கு ஓரமாகக் குத்துகிறார்கள். நகராமல் நின்றாலும் படாத குத்துக்கு விலகிப் பழகி என்ன பயன்? நகராவிட்டால் முஷ்டி உடையைத் தொடும் தூரத்திலிருந்து, மெதுவாகக் குத்தச் சொல்லுங்கள். பெல்ட் தேர்வான கிரேடிங்கில் இதை யாரும் கவனிப்பதில்லை. பெல்ட்டின் நிறம் மாறுகிறது, கட்டணம் வசூலாகிறது, கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சான்றிதழைக் காட்டி ‘விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும்’ என்றும் சொல்லியிருப்பார்கள். பயிற்சி முகாமில் கலந்துகொண்டதற்கான தாளும், அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் வென்றதற்கான சான்றும் ஒன்றல்ல. ஒரே ஊரில் ஒன்றையொன்று ஏற்காத பல சங்கங்கள் இயங்க, எது செல்லும் என்பதைப் பெற்றோரே அலைந்து கண்டுபிடிக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. பெயரில் ‘அகில இந்திய’ என்று இருப்பதால் அங்கீகாரம் வந்துவிடாது. சேர்க்கை விதிமுறையில் அந்தச் சங்கமும் அந்தப் போட்டியும் எந்த வரியில் இடம்பெற்றுள்ளன என்று எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதையும் இன்றே வாங்கி வையுங்கள்.