தினமும் ஆபீஸ், அவ்வப்போது ஆட்டோகிராஸ்: பழைய ஸ்விஃப்ட்டுக்கு எந்தக் காயில்ஓவர் வாங்கலாம், எப்படி ட்யூன் செய்வது?

காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் செட்) பற்றி இதைக் கேட்டவர் சென்னைக்காரர். முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல், வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு தினமும் ஆபீஸ், ஆட்டோகிராஸ் (குறுகிய தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) ஆசை, பட்ஜெட் ஒரு லட்சம் என்று எழுதியிருக்கிறார். கடைசியில் "குறைந்தது 2 இன்ச் இறக்க வேண்டும்" என்று ஒரு வரி. அந்த வரி மட்டும் இல்லையென்றால் நான் பேசாமல் போயிருப்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சஸ்பென்ஷன் எஞ்சினியர் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், அளப்பதுதான் வேலை. அதே தலைமுறை ஸ்விஃப்ட் என்னிடமும் இருக்கிறது, காயில்ஓவரோடு. ரேஸ் டீம்களில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். நான் எழுதுவது வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு வேலை பார்க்கும் ஆட்களுக்கு.

உங்களிடம் ஒரு குறுக்குக் கேள்வி. போகப்போகும் ஆட்டோகிராஸ் தார் தளமா, மண் தளமா? யூடியூபில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்காவில் பெரிய பார்க்கிங் மைதானத்தில் கூம்பு வைத்து நடத்துவது. ஒரு கூம்பைத் தட்டினால் 2 வினாடி கூட்டுவார்கள். நம் நாட்டில் ஆட்டோகிராஸ் என்று அறிவித்தால் பல நேரம் அது மண் தளம். மண்ணில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால், தார் ரோட்டுக்காகச் செய்த காயில்ஓவரில் காசு போடாதீர்கள். அங்கே சக்கரம் ஏறி இறங்க நிறைய இடம் வேண்டும், வண்டி உயரமாக நிற்க வேண்டும், ஸ்பிரிங்கும் ரொம்ப இறுக்கமாக இருக்கக் கூடாது. நீங்கள் தார் தளத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இப்போது அந்த 2 இன்ச். வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே ஏற 80 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் தட்டைக் கீழே திருகி 50 மி.மீ. இறக்கினால் மிச்சம் 30. அதிலும் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கி மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பர் ரப்பர் பாதியைச் சாப்பிட்டுவிடும். ரப்பரில் உட்கார்ந்தபிறகு உங்கள் ஸ்பிரிங்கின் இறுக்கம் 4 கிலோவா 6 கிலோவா (கணக்கு கீழே) என்பதற்கு அர்த்தமே கிடையாது. வளைவில் வெளிப்பக்க முன்சக்கரம் ரப்பரைத் தொட்டவுடன் அந்த மூலை திடீரென்று கல்லாகும், டயர் பிடி விடும், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகப் போகும். இன்னொரு பக்கம், மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் முன்பக்க அமைப்பு, ஸ்விஃப்ட்டில் இருப்பது) வண்டியை அதிகம் இறக்கினால், சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) அதிகம் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங்கில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். சாய்வைக் குறைக்கத்தான் எல்லோரும் இறக்குகிறோம் என்கிறார்கள்!

ஸ்பிரிங் எவ்வளவு இருக்கலாம்? ஒரு முன்சக்கரத்தின் மேல் சுமார் 300 கிலோ உட்காருகிறது என்று கொள்ளுங்கள். 4 கிலோ ஸ்பிரிங், அதாவது ஒரு மி.மீ. அமுங்க 4 கிலோ கேட்பது, 75 மி.மீ. அமுங்கி நிற்கும். வண்டி வினாடிக்குச் சுமார் 1.8 தடவை ஆடும், அதாவது 1.8 ஹெர்ட்ஸ். 6 கிலோ போட்டால் 2.2. 8 கிலோ போட்டால் 2.5-ஐத் தாண்டும், அமுங்குவதும் 37 மி.மீ. மட்டுமே. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கவும் அவ்வளவுதான் இருக்கிறது, அப்புறம் டயர் காற்றில். கம்பெனியிலிருந்து வரும் சாதாரண கார் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) தினமும் போகிறவருக்கு முன்னால் 4, மிஞ்சினால் 5. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. (மோஷன் ரேஷியோவை, அதாவது சக்கரம் ஒரு மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்பதை, 1 என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. தோராயம் என்று எனக்கும் தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.)

பின்பக்கம் கதை வேறு. ஸ்விஃப்ட்டில் பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்), ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதனால் பெட்டியில் காயில்ஓவர் என்று எழுதியிருந்தாலும் பின்னால் வருவது உயரம் மாற்றும் தட்டோடு ஒரு ஸ்பிரிங்கும், தனியாக ஒரு ஷாக்கும்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அமைப்பே அப்படி.

பிராண்டு கேட்டீர்கள். பெயரைவிட, உள்ளே என்ன மாறுகிறது என்று பாருங்கள். பி.சி. ரேசிங்கின் பி.ஆர். வரிசையில் ஒரே திருகு, 30 கிளிக் (படி), அது கம்ப்ரஷனையும் (ஷாக் அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பு) ரீபவுண்டையும் (திரும்ப விரியும்போது காட்டும் எதிர்ப்பு) சேர்த்தே மாற்றும். கே.டபிள்யூ.வில் வேரியன்ட் 1 என்றால் உயரம் மட்டும், 2 என்றால் ரீபவுண்டும், 3 என்றால் இரண்டும் தனித்தனியாக. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரே திருகு போதும். இரண்டு திருகு கொடுத்தால் இரண்டு மடங்கு குழம்பத்தான் வழி. அதைவிட முக்கியம், உயரத்தை எப்படி மாற்றுகிறது என்பது. சிலதில் ஸ்பிரிங் தட்டு மட்டும் நகரும், இறக்கினால் சக்கரம் ஏறும் இடம் குறையும். சிலதில் ஷாக்கின் அடிப்பாகமே திருகி நீளம் மாறும். அதில் உயரம் மாறினாலும் ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும். இரண்டாவது வகையை வாங்குங்கள். ஆயில் கசிந்தால் இந்தியாவில் யாராவது பிரித்துச் சரிசெய்வார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், கட்டியபிறகு யாரும் பதில் சொல்வதில்லை. உங்கள் வண்டிக்கு வருகிறதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரியோடு சேர்த்து நல்ல செட் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

இனி என் கதை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தார் தளத்தில் கூம்பு வைத்து ஆட்டோகிராஸ் நடந்தது. என் வண்டி கம்பெனி உயரத்திலிருந்து ஒரு விரல் அளவுதான் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு தம்பி, இதே ஸ்விஃப்ட், சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவில் விரலே நுழையாது. வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, காயில்ஓவர் போட்டும் ஏன் லாரி மாதிரி நிக்குது? இறக்கத் தெரியலையா, நான் வேணா இறக்கித் தரவா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கூம்புகளுக்கு நடுவில் இடது வலது என்று பாம்பாக நெளிந்து போகும் இடத்தில் அவன் வண்டியைக் கவனித்தேன். முதல் திருப்பம் அழகாகப் போனது. மூன்றாவதில் முன்பக்கம் டக்கென்று துள்ளியது, ரப்பரில் அடித்த சத்தம் வெளியே எங்களுக்கே கேட்டது. அப்புறம் கூம்புகள் வரிசையாகப் பறந்தன. என் நேரம் அவனைவிட நன்றாகவே குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை (கொஞ்சம் பெருமைதான்). ஆனால் அன்று எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு பழைய மாருதி ஜென். சஸ்பென்ஷனில் கை வைக்காத வண்டி, நல்ல டயர், ஓட்டிய பெண்ணுக்கு எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதனால் உங்கள் டயர் தேய்ந்திருந்தால் அந்த ஒரு லட்சத்தை முதலில் டயரிலும் அலைன்மென்ட்டிலும் போடுங்கள். காயில்ஓவர் பிறகு வரட்டும்.

நான் உயரமாக வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் என் வீட்டு வாசல். மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். என் அப்பா வீடு கட்டியபோது தெருவிலிருந்து படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். இப்போது தெருவிலிருந்து இறங்கி வருகிறோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தாரைக் கொட்டிக் கொட்டி, ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்துவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். எங்கள் தெருவுக்கு வந்த ஒப்பந்தக்காரரிடம் அதைக் காட்டினேன். "சார், மெஷின் வரலை" என்றார். மழை பெய்தால் தண்ணீர் நேராக எங்கள் கார் நிறுத்தும் இடத்துக்கு, அப்புறம் ஹாலுக்கு. இதற்கும் காயில்ஓவருக்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள். வாசலில் அந்தச் சரிவில் இறங்கும்போது முன் பம்பர் தரையில் உரசும் சத்தம் கேட்டால் சம்பந்தம் புரியும்.

ஸ்பீடு பிரேக்கரும் அப்படித்தான். சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதலில் மேடு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம்) 2.39 மீட்டர். நான்கு சக்கரமும் அந்த வளைவின் மேலேயே இருக்கும்போது கணக்குப் போட்டால் வண்டியின் வயிற்றுக்கு அடியில் மேடு எழும்புவது வெறும் 4 செ.மீ.தான். 170 மி.மீ. கிளியரன்ஸ் உள்ள வண்டியை 40 இறக்கினாலும் தொடவே தொடாது. ஆனால் எங்கள் தெருவில் ஆளாளுக்குக் கட்டிவைத்திருக்கும் குட்டி மேட்டில் முன்சக்கரம் தாண்டியபிறகு மொத்த உயரமும் வயிற்றுக்கு அடியில் நிற்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் வரை இப்படி எத்தனை என்று எண்ணிவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள்.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில், முழு எடை இறங்கியபிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். நான் சொன்னபோது மெக்கானிக் அண்ணன், "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து இப்படித்தான் மாட்டறேன்" என்றார். "சரிண்ணே, என் வண்டிக்கு மட்டும் ஒரு தடவை அப்படிப் பண்ணுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். இப்போது மற்ற வண்டிகளுக்கும் அப்படியே செய்கிறாராம்.

இன்னொன்று, "ஸ்பிரிங்கை இன்னும் ரெண்டு சுத்து இறுக்கு, ஸ்டிஃப் ஆகும்" என்பார்கள். ஆகாது. நேரான ஸ்பிரிங் 4 கிலோ என்றால் எவ்வளவு இறுக்கினாலும் 4 கிலோதான். வண்டி உயரும், சக்கரம் கீழே இறங்கும் இடம் குறையும், அவ்வளவே. உயரம் முடிவானபிறகு, கொஞ்ச தூரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்தபிறகு அலைன்மென்ட். உயரத்தைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் திரும்பப் பார்க்க வேண்டும். முன் கேம்பர் மைனஸ் 2 டிகிரி வரை, டோ பூஜ்யம். கேம்பர் டயரைத் தின்னும் என்று பயமுறுத்துவார்கள். தப்பான டோதான் அதிகம் தின்னும்.

கிளிக் எண்ணுவது எப்போதும் முழுக்க மூடிய, அதாவது ஷாக் மிக இறுக்கமான, நிலையிலிருந்து. வலப்பக்கம் திருகி மென்மையாக நிறுத்தி, அங்கிருந்து எதிர்ப்பக்கம் எண்ணுங்கள். 30 கிளிக் செட் என்றால் நான்கிலும் 15-இல் தொடங்குங்கள். தெரிந்த ஒரு கரடுமுரடான ரோட்டில் ஒரே வேகத்தில் போய்ப் பாருங்கள். மேட்டுக்குப் பின் வண்டி இன்னொரு தடவை ஆடினால் ஷாக் போதவில்லை, இரண்டு மூன்று கிளிக் இறுக்குங்கள். அடுத்தடுத்து வரும் சின்ன மேடுகளில் வண்டி மேலே வராமல் கீழேயே படிந்துகொண்டு போனால் ரீபவுண்ட் அதிகம். சக்கரம் திரும்பி இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது, தளர்த்துங்கள்.

ஆட்டோகிராஸில் ஷாக்குக்கு வேலை அதிகம். வண்டி ஒரே சாய்வில் நிலைத்து நிற்கும் நீளமான வளைவில் ஷாக் ஒன்றும் செய்யாது, அங்கே பேசுவது ஸ்பிரிங்கும் டயர் காற்றும் கேம்பரும்தான். கூம்புக்கு நடுவில் வண்டி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும், அந்த நேரம் முழுக்க ஷாக்தான் பேசும். முன்சக்கர இழுவை வண்டி, அதனால் முன்பக்கம் வழுக்குவது வாடிக்கை. நான் பின் ஷாக்கை மட்டும் நாலு கிளிக் இறுக்கினேன், ஆக்சிலேட்டரை லேசாக விட்டதும் பின்பக்கம் தானாகத் திரும்ப ஆரம்பித்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அதுவும் டயர் காற்றை அளந்து எழுதிய பிறகு. வீடு திரும்பும்முன் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மழையில் அந்தப் பின்பக்கம் உங்களைக் கேட்காமலேயே திரும்பும்.

சட்டம் பற்றி யாராவது கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக எதையும் மாற்றாதீர்கள், இன்சூரன்ஸ் ஆளிடம் சொல்லிவிடுங்கள். தெருவில் ரேஸ் ஓட்டுவதற்காக இதைக் கேட்டிருந்தால் இந்தப் பதில் உங்களுக்கானது இல்லை.

கடல் காற்று உள்ள ஊர் இது, திருகு மரைகளில் உப்பும் சேறும் சேர்ந்து இறுகிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு தடவை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மரைக்கு ஆன்டி சீஸ் (இறுகாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். செட்டோடு வரும் கொக்கி ஸ்பேனர் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். என்னுடையதில் ஒன்றை யாரோ கடன் வாங்கிப் போய்விட்டார்கள், புதுப்பேட்டை முழுக்க அலைந்தும் அந்த அளவில் கிடைக்கவில்லை. கடைசியில் லேத்தில் கொடுத்து வெட்டி வாங்கினேன்.