அச்சோவியம்: நச்சு குறைந்த வழிகள் (கேள்வி பதில்)

கே: இப்போதுதான் தொடங்குகிறேன். எந்த அமிலம் வாங்கலாம்?

ப: எதுவும் வேண்டாம். லினோவும் (செதுக்க எளிதான லினோலியம் விரிப்பு) உளியும் போதும். செதுக்கும் உளிக்கு எதிரே இன்னொரு கையை வைக்காதீர்கள்.

கே: தாமிரத் தகட்டில் எச்சிங் (பூச்சைக் கீறிய இடத்தை அமிலத்தால் அரிப்பது) செய்ய நைட்ரிக் அமிலத்துக்கு மாற்று?

ப: ஃபெரிக் குளோரைடு. நைட்ரிக்கில் தாமிரம் கரையும்போது செம்பழுப்பாக நைட்ரஜன் டை ஆக்சைடு கிளம்பும். பாதிப்பு சில மணி நேரம் கழித்துத் தெரிவதும் உண்டு, அதுதான் கொடுமை. ஃபெரிக்கில் அந்தப் புகை கிடையாது, கோடும் பக்கவாட்டில் அகலாமல் கூர்மையாக இறங்கும். ஒரே தொல்லை, கோட்டுக்குள் வண்டல் படிந்து அரிப்பு மந்தமாகிவிடும். அதனால்தான் தகட்டைக் குப்புறப் போடுவார்கள். 1990களில் அச்சோவியக் கலைஞர் ஃப்ரீட்ஹார்ட் கீகெபென் இதோடு சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்தார். எடின்பரோ எச் என்பது அதுதான். வண்டல் கரைந்துவிடுவதால் தகட்டை நிமிர்த்தியே வைக்கலாம், வேகமும் கூடும். புகை இல்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள். காப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம்.

கே: துத்தநாகத்துக்கும் அதுவே போதுமா?

ப: கூடவே கூடாது. கொதித்துச் சூடேறும், ஹைட்ரஜனும் வரும். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) உப்பும் சம எடையில் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்துங்கள். தகட்டின் மேல் செம்பழுப்பாகத் தாமிரம் படியும், மெல்லிய தூரிகையால் தள்ளிக்கொண்டே இருங்கள். கண்ணாடி இங்கேயும் வேண்டும்.

கே: காலங்காலமாக நைட்ரிக்தானே? அந்த முரட்டு அழகு உப்புக் கரைசலில் வருமா?

ப: குமிழிகளை இறகால் தள்ளித் தள்ளிப் பெறும் கோட்டுக்குத் தனி அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் துத்தநாகத்தில் மூடாமல் விட்ட பரப்பை மயில்துத்தம் தானே சொரசொரப்பாக்கும். மை அதில் தங்கி அழகான சாம்பல் தொனி வரும். ரெம்பிராண்ட் அச்சுகளின் வெல்வெட் கருமையையும் பாருங்கள். பல இடங்களில் அது அமிலம் தந்ததே இல்லை, டிரைபாயிண்ட். ஊசியால் கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும், மை அதைப் பற்றிக்கொள்ளும். அழுத்தத்தில் பிசிறு சீக்கிரம் மழுங்குவதால் நல்ல படிகள் கொஞ்சம்தான் கிடைக்கும்.

கே: (அதே நண்பர்) ரோசின் (பைன் மரப் பிசின்) தூள் இல்லாமல் அக்வாடின்ட் (நுண்புள்ளிகளால் சாம்பல் தொனி பெறும் முறை) எப்படி?

ப: ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக் பூச்சை நுண்துளிகளாகத் தெளியுங்கள். காற்றில் பறக்கும் ரோசின் தூள் பொறி பட்டால் வெடிக்கும், ஆஸ்துமாவையும் இழுத்துவிடும். அக்ரிலிக் தெளிக்கும்போதும் சுவாசக் கவசம் வேண்டும். கண்ணாடியும்தான்.

கே: டர்பென்டைன் இல்லாமல் மையைத் துடைக்க முடியுமா?

ப: முதலில் சமையல் எண்ணெய், அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு. ஆனால் ஆளி எண்ணெய் மை தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கே: வீட்டில் பழக எந்த அமிலம் நல்லது?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: திரை அச்சு?

ப: என் துறை இல்லை. அதைச் செய்பவரைக் கேளுங்கள்.

கே: பழைய ஃபெரிக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாமா?

ப: கூடாது. அதில் கரைந்திருக்கும் தாமிரம் மீன்களைக் கொல்லும். பெரிய பாத்திரத்தில் வைத்துச் சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், நுரை பொங்கும். நுரை நின்றதும் சேறு, தெளிவு இரண்டையும் மூடி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். சோடா போடும்போது தெறிக்கும். கண்ணாடி!