தோட்டத்துக் கேமரா ராத்திரியில் மட்டும் படம் எடுக்காதது ஏன்?

களக்காட்டில் வாழைக்குள் இறங்கும் பன்றியைப் பார்க்க மாட்டிய கேமரா, பகலில் ஒழுங்காக ஓடி ராத்திரி படுத்துவிடுகிறது என்றால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்படுங்கள். இருட்டில் அகச்சிவப்பு விளக்கு எரிய மின்சாரம் நிறைய வேண்டும், சாதாரண அல்கலைன் செல் பாதி தீர்ந்ததுமே வோல்டேஜ் இறங்கி கேமரா அணைந்துவிடும், அதனால் 1.5 வோல்ட் லித்தியம் செல் போடுங்கள், விலை கூடத்தான். அப்புறம், மிருகமே இல்லாத வெறும் படமாகக் குவிவதற்குக் காரணம் ஆனி ஆடிக் காற்று. அசைவு கண்டு கேமராவைப் படம் எடுக்க வைக்கும் சென்சார் பார்ப்பது சூட்டு வித்தியாசத்தை. வெயிலில் சூடேறிய இலை ஆடினாலும் அதற்கு ஆள் வந்த மாதிரிதான். எதிரே இருக்கும் இலையைக் கழித்துவிட்டு, வடக்குப் பார்த்து, முழங்காலுக்குச் சற்று மேலே கட்டுங்கள். மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மிளா மான் வேட்டைக்கு என்று யாராவது கேமராவை இரவல் கேட்டால் கொடுக்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி ஜெயில்தான்.