மாட்ரிட் போனால் காளைச் சண்டை பார்க்கலாமா? சில கேள்விகள், பதில்கள்

மாட்ரிட்டில் குடியேறி 11 வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் பார்க்க வேண்டிய இடங்களில் காளைச் சண்டையும் இருக்கும். இங்குள்ள லாஸ் வென்டாஸ் அரங்கில் நான் 3 முறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இப்போது போவதில்லை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, மே மாதம் வருகிறோம். காளையைக் கொல்வார்களா, இல்லை துணியைக் காட்டி விளையாடுவதோடு சரியா?

கொல்வார்கள். போஸ்டரில் சிவப்புத் துணியையும் ஜரிகைச் சட்டையையும் பார்த்துவிட்டு வருகிற பலருக்கு இது தெரிவதில்லை. ஒரு மாலையில் வழக்கமாக 3 மட்டடோர்கள் (கடைசியில் வாளால் காளையைக் கொல்கிற வீரர்கள்), 6 காளைகள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 நிமிடம். முதலில் குதிரைமேல் வருகிற பிக்கடோர் காளையின் பிடரித் தசையில் ஈட்டியால் குத்துவார். தசை தளர்ந்தால்தான் தலை தாழும், தலை தாழ்ந்தால்தான் கடைசியில் வாள் இறங்கும். அடுத்து, முள் வைத்த வண்ணக் குச்சிகளை இரண்டிரண்டாகச் செருகுவார்கள். போஸ்டரில் பார்க்கிற சிவப்புத் துணி மூன்றாவது கட்டத்தில்தான் வரும். (மாட்டுக்குச் சிவப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. துணி ஆடுவதைப் பார்த்துத்தான் பாய்கிறது.)

வாள் சரியாக இறங்கினால் காளை சீக்கிரம் விழும். இல்லாவிட்டால் மறுபடி மறுபடி குத்துவார்கள். நான் போன இரண்டாவது முறை அப்படித்தான் ஆனது. கூட்டம் மட்டடோரை விசிலடித்துத் திட்டித் தீர்த்தது. வேலை அசிங்கமாகப் போன கோபம் அது, காளைமேல் இரக்கம் இல்லை என்று நினைத்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் முகத்தை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அபூர்வமாக, பிரமாதமாக மோதிய காளைக்கு அரங்கின் தலைவர் ஆரஞ்சுக் கைக்குட்டை காட்டி உயிர்ப்பிச்சை தருவார். அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

2017இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்தவன் நான். இதை எதிர்த்துப் பேச எனக்கு வாய் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் கொஞ்சம் யோசித்துப் பேச வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. வாடிவாசலில் வெறுங்கையால் திமிலைப் பிடிக்கிறோம். மாடு வீடு திரும்பும், அடுத்த பொங்கலுக்கும் வரும். இங்கே காளையின் சாவு விபத்து இல்லை, நிகழ்ச்சியே அதில்தான் முடிகிறது.

ஆனால் "இது எங்கள் பண்பாடு, வெளியாட்கள் தலையிடாதீர்கள்" என்று அன்றைக்கு நாம் சொன்னதைத்தான் இவர்களும் சொல்கிறார்கள். 2013இல் சட்டமே போட்டு இதைப் பண்பாட்டு மரபு என்று அறிவித்திருக்கிறார்கள். பண்பாடுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. மாட்டுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. அதை நம் ஊரிலும் கேட்கலாம். வாலைக் கடிக்கிறார்கள், சாராயம் ஊற்றுகிறார்கள் என்று நீதிமன்றம் வரை போன புகார்களை மொத்தமாகப் பொய் என்று தள்ளிவிட்டு இங்கே வந்து நியாயம் பேசினால் எடுபடாது.

ஸ்பெயின்காரர்கள் எல்லோருமே இதைப் பார்ப்பார்களா?

இல்லை. என் அலுவலகத்தில் பாதிப் பேர் அரங்கின் உள்ளே கால் வைத்ததே கிடையாது. பார்சிலோனா இருக்கிற கட்டலோனியா மாநிலம் 2010இல் தடைச் சட்டம் நிறைவேற்றியது. பார்சிலோனாவில் கடைசிச் சண்டை 2011 செப்டம்பரில் நடந்தது. 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் தடையை ரத்து செய்தும் அங்கே சண்டை திரும்பவில்லை. காளைச் சண்டைக்கான தேசிய விருதைக் கலாசார அமைச்சகம் 2024இல் நிறுத்திவிட்டது. "ஸ்பெயின் போனால் பார்த்தே ஆக வேண்டும்" என்பது டூர் ஏஜென்ட் பேச்சு.

நான் ஒருத்தி டிக்கெட் வாங்காவிட்டால் நின்றுவிடவா போகிறது?

நிற்காது. மே மாத சான் இசித்ரோ திருவிழாவில் சீசன் டிக்கெட் வைத்திருக்கிற உள்ளூர்க்காரர்களே அரங்கை நிரப்பிவிடுவார்கள். ஆனால் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பாருங்கள், கூட்டத்தில் கணிசமானவர்கள் நம்மைப் போன்ற பயணிகள். களத்தில் இறங்குவதோ பெரும்பாலும் இளங்காளைகள், இன்னும் மட்டடோர் பட்டம் பெறாத இளைஞர்கள். பழகாத கை என்பதால் வாள் பிசகுகிற வாய்ப்பும் கூட. "சும்மா ஒரு தடவை" என்று வருகிறவர்களின் காசு அந்த நாட்களுக்குத்தான் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடுகிறவன் இதைக் கொடுமை என்று சொல்லலாமா சார்?

ரசிகர்களின் பலமான வாதமே இதுதான். சண்டைக் காளை 4 வயதுக்கு மேல்தான் அரங்குக்கு வரும். அதுவரை ஓக் மரங்கள் நிற்கும் மேய்ச்சல் காட்டில் சுதந்திரமாகத் திரியும். கறிக்கு வளர்க்கிற மாடு பெரும்பாலும் 2 வயதைத் தாண்டுவதில்லை. கொன்ற காளையின் கறியும் விற்பனைக்குப் போகிறது, வீணாவதில்லை. எந்த மாடாகப் பிறக்க விரும்புவாய் என்று ஒரு நண்பர் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை.

பிறகு எனக்குத் தோன்றியது இது: கசாப்புக் கடையில் சாவு சீக்கிரம் முடிந்தால் நல்லது. அரங்கில் அது 20 நிமிடம் நீண்டால்தான் காட்சி. அந்த நீட்டிப்புக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். இப்படிச் சொல்லிவிட்டு நான் இன்னும் ஆட்டுக்கறி சாப்பிடுகிறேன். முரண் என்றால் முரண்தான்.

வட ஸ்பெயினில் பாம்ப்லோனா ஊர்த் திருவிழாவில் காளைகளோடு ஓடுவது பரவாயில்லையா? அதில் கொல்வதில்லையே?

ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்குத் தெருவில் ஓடுகிற அதே 6 காளைகள்தான் அன்று மாலை அரங்கில் சாகின்றன. ஓட்டமே அவற்றை அரங்குக்குக் கொண்டுபோகத்தான்.

பையனுக்கு 10 வயது. கூட்டிப்போகலாமா?

வேண்டாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அனுமதிக்க வேண்டாம் என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவே 2018இல் ஸ்பெயினுக்குச் சொல்லியிருக்கிறது.

கொல்லாத வகை எதுவும் இல்லையா? போர்ச்சுகலில் கொல்வதில்லை என்கிறார்களே?

போர்ச்சுகலில் பொதுவாக மக்கள் கண்முன் கொல்வதில்லை, அவ்வளவுதான். முள்குச்சி குத்துவது உண்டு, காளை பெரும்பாலும் பிறகு கசாப்புக்குப் போகும்.

உண்மையாகவே பார்க்கலாம் என்றால் தெற்கு பிரான்ஸின் கமார்க் பகுதிக்குப் போங்கள். காளையின் கொம்பில் நாடாவும் நூலும் கட்டியிருப்பார்கள். வெள்ளை உடை போட்ட இளைஞர்கள் ஓடிவந்து கையிலிருக்கிற சிறு கொக்கியால் அதைப் பறித்துவிட்டு வேலி தாண்டிக் குதிப்பார்கள். கொம்பில் சல்லிக் காசு கட்டியதால்தான் சல்லிக்கட்டு என்று கேட்டு வளர்ந்த நமக்குப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும். அங்கே காளைதான் நட்சத்திரம், ஆட்டம் முடிந்து பண்ணைக்குத் திரும்பிவிடும். ஆனால் ஆர்ல் ஊரின் ரோமானிய அரங்கில் இதுவும் நடக்கும், ஸ்பானிய முறைச் சண்டையும் நடக்கும். போஸ்டரைச் சரியாகப் படியுங்கள்.

டிக்கெட் எடுத்தாயிற்று. பார்க்க முடியாவிட்டால் பாதியில் எழுந்து வரலாமா?

வரலாம். ஆனால் காளை களத்தில் இருக்கும்போது நடமாட விடமாட்டார்கள். கோவேறு கழுதைகள் செத்த காளையை இழுத்துப்போன பிறகு கொஞ்ச நேரம் கிடைக்கும், அப்போது கிளம்புங்கள். ஓரத்து இருக்கையாக எடுப்பது நல்லது. முதல் காளைக்கு அப்புறம் எழுந்து போகிற வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பழகியவர்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கல் படியில் உட்கார வாடகைக்கு ஒரு மெத்தை தருவார்கள், அதை மட்டும் கையோடு எடுத்து வந்துவிடாதீர்கள்.