தினமும் ஜெபம் செய்தும் வெறும் வாய்வார்த்தையாகவே இருக்கிறது. உண்மையாகக் கடவுளைத் தேடுவது எப்படி?

நான் போதகர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, குடும்ப ஜெபத்திலேயே வளர்ந்தவன். எனக்கும் இதே கேள்வி இருந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஜெபத்துக்கென்றே ஒரு தமிழ் உண்டு. "இந்த நாளைக் காணச் செய்த கிருபைக்காக ஸ்தோத்திரம்" என்று அப்பா ஆரம்பிப்பார். பத்து வயதிலேயே எனக்கு அது மனப்பாடம். நாற்பது வயதிலும் அதே வரிதான். வாய் அதைச் சொல்லும்போது மனசு, பால் பாக்கெட் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கிடையில் அண்ணனோடு இடத் தகராறு. என் பக்கம் ஒன்றரை அடி தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டார். ராத்திரி ஜெபத்தில் வழக்கம்போல "அண்ணன் குடும்பத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்பேன். ஆமென் சொன்ன கையோடு சுவர்ப் புராணத்தை ஆரம்பிப்பேன். "ஆமெனுக்கு முன்னால ஒரு ஆளு, பின்னால வேற ஆளு" என்றாள் மனைவி. சுருக்கென்று இருந்தது.

மறுநாள் விடியுமுன் மொட்டை மாடிக்குப் போய், "ஆண்டவரே, அந்தச் சுவர் இடிஞ்சு விழணும்" என்றேன். சொன்னதும் பயந்துவிட்டேன். ஆனால் பல வருஷத்தில் நான் மனசாரப் பண்ணிய முதல் ஜெபம் அதுதான்.

அப்புறம்தான் வேதாகமத்தில் ஜெபப் பாடல்களாக இருக்கும் சங்கீதங்களை ஒழுங்காக வாசித்தேன். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று எடுத்த எடுப்பிலேயே முறையிடுகிறது. 88 இருட்டிலேயே முடிகிறது. 109-இல் எதிராளியின் பிள்ளைகள் பிச்சையெடுக்க வேண்டுமாம்! ஞாயிறு ஆராதனையில் இதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. இதெல்லாம் வேதத்தில் ஜெபமாக இருக்கும்போது என் சுவர் எம்மாத்திரம்?

இப்போது காலையில் ஒரு சங்கீதம். மொத்தம் 150, ஐந்து மாதத்தில் ஒரு சுற்று வந்துவிடும். பிறகு மனசில் உள்ளதை வீட்டில் பேசுகிற தமிழில் சொல்வேன். நம்பிக்கை வராத நாளில் அதையே சொல்வேன். மாற்கு சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் பிள்ளையின் சுகத்துக்காக வந்த ஒரு தகப்பன், "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறாரே, இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். எதுவுமே வராத நாளில் அப்பாவின் பழைய வரிதான் கைகொடுக்கிறது, அதைக் கேலி செய்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

கடவுளை உணர்கிறேனா? பாதி நாள் இல்லை. கொசுக்கடிதான் மிச்சம். ஆனாலும் சொல்லி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிஷத்தை விட மனசு வருவதில்லை.

சுவர் அங்கேயேதான் இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டுக்கு முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பினேன். தூக்குவாளி இன்னும் திரும்பி வரவில்லை. அதையும் ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன்.