பயனீட்டாளர் கேள்வி-பதில்: பிள்ளையாரைச் சற்றுத் தள்ளி வையுங்கள்

கே: என் ஹைலக்ஸ் பிக்கப்பில் ஏர்கோனை ஆட்டோவில் (காற்றைத் தானே கூட்டிக் குறைக்கும் முறையில்) போட்டால் உச்சி வெயிலில் காற்று மெதுவாகத்தான் வருகிறது. கையால் கூட்டினால் நன்றாகக் குளிர்கிறது. டாஷ்போர்டில் விரிப்பு போட்டுப் பிள்ளையார் வைத்ததைத் தவிர வண்டியில் எதையும் மாற்றவில்லை. (சுங்கை சிப்புட்)

ப: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடியை ஒட்டிக் கறுப்பாகச் சின்ன மொட்டு மாதிரி ஒன்று இருக்கும். அது வெயிலை அளக்கும் சென்சார். வெயில் சுள்ளென்று அடித்தால் காற்றைக் கூட்டச் சொல்வது அதுதான். விரிப்பு அதை மூடிவிட்டால் வண்டி நிழலில் நிற்பதாகவே ஏர்கோன் கணக்குப் போடும். விரிப்பை எடுங்கள், பிள்ளையாரை அரைச் சாண் தள்ளி வையுங்கள். ஸ்டியரிங் பக்கத்தில் சின்னத் துளைகளோடு ஒரு மூடி இருந்தால் அதையும் மெல்லிய தூரிகையால் துடையுங்கள். வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்துச் சூடு பார்க்கும் இடம் அது. செம்பனைக் காட்டுச் செம்மண் தூசி அதை அடைத்துக்கொண்டாலும் ஆட்டோ தப்புக் கணக்குத்தான் போடும்.

கே: 24-இல் வைப்பதைவிட ஆகக் குறைந்த 'லோ'வில் வைத்தால் வண்டி சீக்கிரம் குளிருமா? (கோல கங்சார்)

ப: பெரும்பாலும் இல்லை. வண்டி சூடாக இருந்தால் ஆட்டோவே முழு வேகத்தில்தான் தொடங்கும்.

கே: நான் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வுபெற்றவன். என் பிக்கப் ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறது. பட்டறையில் 'கேஸ் முடிந்துவிட்டது' என்று 4 மாதத்தில் 3 முறை அடித்தார்கள், ஒவ்வொரு முறையும் 150 ரிங்கிட். 10 நாளில் மறுபடியும் பழைய கதைதான். (சுங்கை சிப்புட்)

ப: ஐயா, படித்ததும் வயிறு எரிந்தது. ஏர்கோனைக் குளிர வைக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி இல்லை. வண்டி ஓட ஓட அது தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. சீக்கிரமே குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். முறையான வேலை என்றால் முதலில் கசிவைக் காட்ட வேண்டும். அப்புறம் அதை அடைத்து, வேக்கும் பம்ப் வைத்துக் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, கேஸை நிறுத்துப் போட வேண்டும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பெரும்பாலான வண்டிகளில் பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். குழாயைத் தொட்டுப் பார்த்து 'போதும்' என்பதெல்லாம் அளவு இல்லை. கூடிப்போனாலும் அழுத்தம் ஏறிக் குளிர் குறையும்.

உங்கள் வண்டி நிற்கும்போதுதான் சூடாகிறது. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏர்கோனின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும், அதற்குக் காற்று தரும் விசிறியையும். தோட்டத்துச் சேறு கண்டென்சரில் அப்பியிருக்கலாம். தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவச் சொல்லுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

எனக்கும் இது நடந்தது. ஒரு மழை நாள் சாயங்காலம் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். ஏர்கோன் ஜில்லென்று இருந்தது. மறுநாள் நண்பகலில்தான் உண்மை தெரிந்தது. 3 முறை கேஸுக்குப் பணம் கொடுத்த பிறகு, ஈப்போவில் ஒருவர் திறந்து பார்த்து, வண்டிக்குள் வரும் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் கொயிலில் ஓட்டை என்று காட்டினார். அந்தப் பணம் போனது இன்னும் உறுத்துகிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் மதியம் 1 மணி வெயிலில் 20 நிமிடமாவது ஓட்டியும் நிறுத்தியும் பாருங்கள்.

கே: இரவில் அவசரமாகப் பார்த்து வாங்கிய பிக்கப். என் பக்கம் குளிர்கிறது, மனைவி பக்கம் சூடு. ஏமாற்றிவிட்டார்களா? (சிம்மோர்)

ப: இவ்வளவு பணம் போட்டு வாங்கும் பொருளை இரவில் 10 நிமிடம் பார்த்தால் போதுமா, தம்பி? முதலில் மனைவி பக்கத்தில் என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அளவு வைக்கும் வண்டியில் அந்தப் பக்கம் 30 என்று இருந்தால் சூடுதான் வரும். எண் ஒன்றாகவே இருந்து, உள்ளே 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்டால், சூட்டையும் குளிரையும் கலக்கும் சின்னக் கதவைத் திருப்பும் மோட்டார் போயிருக்கலாம். கேஸ் குறைந்தாலும் சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் சூடாகும். இதையெல்லாம் பார்க்காமல் விற்றவர் மேல் பழி போடாதீர்கள்.

கே: கணவரின் டோயோட்டா பிக்கப்பில் 21 என்ற கோளாறு எண் வருகிறது என்று பட்டறையில் வெயில் சென்சாரை மாற்றினார்கள். மறுபடியும் 21 வர, இன்னொன்றும் மாற்றினார்கள். இப்போதும் 21தான். வண்டி கொட்டகைக்குள்தான் நின்றது. (ஆசிரியை, சுங்கை சிப்புட்)

ப: அம்மா, உங்கள் பழைய சென்சார் நல்லதாகவே இருந்திருக்கும். பல டோயோட்டா வண்டிகளில் இருட்டில் சோதித்தால் நல்ல சென்சாருக்கும் 21 வரும். வெயிலில் நிறுத்தியோ விளக்கை அடித்தோதான் சோதிக்க வேண்டும். தொழில் தெரிந்தவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வண்டியை வெயிலில் நிறுத்தி அவர்கள் முன்னாலேயே மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். எண் மறைந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பழுதுபார்க்கும் வேலையும் அடங்கும். மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. 3 ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். விடாதீர்கள்.

கே: ஏர்கோன் போட்டதும் புளித்த வாடை. நல்ல வாசனைப் புட்டி எது? (லிந்தாங்)

ப: எதுவும் வேண்டாம். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் காற்று ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள். அப்புறமும் வாடை போகவில்லை என்றால் கூலிங் கொயிலைக் கழுவ வேண்டும்.