ஒரு கட்டம் பின்வாங்கினால் என்ன விலை?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற வேடமேற்றுப் பகடை உருட்டும் மேஜை விளையாட்டை ஆடும் வாசகர்களின் கேள்விகளில், சண்டையில் காய் நகர்த்துவது பற்றியவை இந்த மாதம் நான்கு. பதில்களில் வரும் கணக்கு ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூல்படி. வரைபடத்தில் ஒரு கட்டம் என்பது 5 அடி நீளம், வேகம் என்பது ஒரு டர்னில் (ஒருவருடைய முறையில்) நடக்கக்கூடிய தூரம்.

எங்கள் மேஜையில் சண்டை தொடங்கினால் எல்லோரும் நட்டுவைத்த மரம் மாதிரி நின்றே அடித்துக்கொள்கிறார்கள். நகர்ந்தால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவரை எதிரி இடையில் அடிப்பது) விழும் என்ற பயம். அதனால் ‘யாரும் டர்னுக்கு ஒரு கட்டம் அடி வாங்காமல் பின்வாங்கலாம்’ என்று வீட்டு விதி போட்டோம். இப்போது மந்திரவாதியை எதிரியால் தொடவே முடியவில்லை. விதியைத் தூக்கிவிடலாமா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தூக்க வேண்டாம், அதற்கு ஒரு விலை வையுங்கள்.

முதலில் அந்தப் பயம் சரிதானா என்று பாருங்கள். எதிரியின் கைக்கு எட்டும் தூரத்தை விட்டு வெளியேறும்போதுதான் அந்த அடி விழும். எட்டும் தூரத்துக்குள்ளேயே அவனைச் சுற்றிச் சுற்றி வரலாம், ஒன்றும் ஆகாது. ‘எப்படி அசைந்தாலும் அடி’ என்ற நினைப்பு மூன்றாம் பதிப்பு ஆடியவர்களிடமிருந்து தொற்றிக்கொண்டது. அங்கே எதிரியின் மிரட்டலுக்கு உட்பட்ட ஒரு கட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனாலே அடிதான். இங்கே அப்படியில்லை. அந்த அடிக்கு எதிரி தன் ரியாக்ஷனை, அதாவது சட்டென்று எதிர்வினை செய்யும் வாய்ப்பை, செலவழிக்க வேண்டும், அதுவும் அவனுக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றுதான். இதைத் தெளிவாக்கினாலே பாதிப் பேர் நகரத் தொடங்குவார்கள்.

இனி உங்கள் விதியில் உள்ள ஓட்டை. மந்திரவாதி ஒரு கட்டம் பின்வாங்குகிறார், அடி இல்லை. அப்போதே எட்டும் தூரத்தைத் தாண்டியாயிற்று. 30 அடி வேகத்தில் மீதி 25 அடி கையில் இருக்கிறது, அதையும் நடந்து கடக்கிறார். ஆக நீங்கள் கொடுத்தது ஒரு கட்டம் அல்ல, முழு டிஸ்என்கேஜ், அதாவது அந்த டர்ன் முழுக்க அடி வாங்காமல் விலகும் வசதி. மற்றவர்கள் அதற்கு ஓர் ஆக்ஷனையே, அதாவது டர்னின் முக்கியச் செயலையே, கொடுக்கிறார்கள். ரோக் (திருடன் வகைப் பாத்திரம்) இரண்டாம் லெவலில் கன்னிங் ஆக்ஷன் என்ற திறன் வந்த பிறகு போனஸ் ஆக்ஷன் (கூடுதல் சிறு செயல்) கொடுக்கிறார். மங்க் (துறவி வீரர்) போனஸ் ஆக்ஷனோடு, தன் சக்தியை அளக்கும் கி புள்ளி ஒன்றும் கொடுக்கிறார். இவர்கள் விலை கொடுத்து வாங்கியதை எல்லோருக்கும் சும்மா கொடுத்தால், அடுத்த தடவை ரோக் ஆட யார் முன்வருவார்கள்? இதில் வாள்வீரனுக்கும் லாபமில்லை. அவன் பின்வாங்கினால் எதிரி தொடர்ந்து வந்து அடிப்பான், அவ்வளவுதான். வில்லாளிக்கும் மந்திரவாதிக்கும்தான் கொள்ளை லாபம். எதிரி 5 அடிக்குள் நின்றால் அம்புக்கும், பகடை உருட்டிக் குறிவைக்கும் தூர மந்திரத்துக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) உண்டல்லவா? அது இலவசமாக நீங்கிவிடுகிறது.

விதியை இப்படி எழுதிப் பாருங்கள்: “ஒதுங்கல்: உன் டர்னில் இன்னும் நகராமல் இருந்தால், ரியாக்ஷனைச் செலவழித்து ஒரே ஒரு கட்டம் ஒதுங்கலாம். அதற்கு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கிடையாது. பிறகு டர்ன் முடியும்வரை உன் வேகம் 0.” உயிர்நாடி அந்த ரியாக்ஷன்தான். அது போய்விட்டால், எதிரி தொடர்ந்து வந்து அடிக்கும்போது ஷீல்டு மந்திரம் போட்டு கவச எண்ணில் 5 கூட்டிக்கொள்ள மந்திரவாதியால் முடியாது. ஒதுங்குவதா, ஷீல்டை வைத்துக்கொள்வதா என்று அவர் யோசிக்கும் அந்த நொடிக்காகத்தான் இந்த விதியே. வேகம் 0 என்பதால் கூடுதலாக ஓட உதவும் டேஷும் பலிக்காது. மாயமாக இடம் மாறும் மிஸ்டி ஸ்டெப் மந்திரம் பலிக்கும், அது நடையில் சேராது.

இரண்டு ஒட்டு வரிகளும் வேண்டும். சென்டினல் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்தவர் டிஸ்என்கேஜ் செய்தவரையே அடிக்கலாம் என்பதால், ஒதுங்குபவரையும் அடிக்கலாம். ஸோம்பி போன்ற அறிவில்லாத ஜந்துகளுக்கு ஒதுங்கல் கிடையாது. 10 அடி எட்டும் ஆயுதக்காரனிடம் ஒரு கட்டம் ஒதுங்கிப் பயனில்லை என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நடு ஆட்டத்தில் சண்டை வரும்.

மூலைவிட்டமாகப் போனாலும் கட்டத்துக்கு 5 அடிதானா? நெருடுகிறதே.
— வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

நெருடல் நியாயமானது. உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி புனித டேவிட் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்துக் கிடைத்தது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். எல்லாத் திசையிலும் ஒரே தூரம் என்றால் அது ஒரு வட்டம். மூலைவிட்டத்துக்கும் 5 அடி என்று எண்ணினால் அந்த வட்டம் சதுரமாகிவிடும், மூலையில் இருக்கும் ஊர்களெல்லாம் சும்மா உள்ளே வந்துவிடும். மேஜையில் கணக்குப் போட்டால், ஆறு மூலைவிட்டக் கட்டங்களை 30 அடி என்கிறோம், உண்மையில் அது 42 அடிக்குக் கொஞ்சம் மேல்.

மாற்று வழி விதிநூலிலேயே உண்டு: முதல் மூலைவிட்டம் 5 அடி, அடுத்தது 10, மறுபடி 5, மறுபடி 10. 30 அடிக்கு நான்கு கட்டம் போகலாம், நிஜத் தூரம் 28 அடி சொச்சம். இதில் வழக்கமாக வரும் கோளாறு, நடுவில் நேராக இரண்டு கட்டம் போய்விட்டு ‘அடுத்தது 5-ஆ 10-ஆ’ என்று மறந்துவிடுவது. காய்க்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். பூ மேலே இருந்தால் அடுத்த மூலைவிட்டம் 5, தலை என்றால் 10. ஒவ்வொரு மூலைவிட்டத்துக்கும் புரட்டுங்கள், டர்ன் முடிந்ததும் பூவுக்குத் திருப்புங்கள். ஏழெட்டு எதிரிகளை நகர்த்தும் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) மட்டும் 5 அடிக் கணக்கிலேயே ஓட்டலாம் என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன், இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும்.

எதிரியைத் தள்ளிவிட்டால், பக்கத்தில் நிற்கும் என் தோழன் அவனை அடிக்கலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

கூடாது. தன் நடை, ஆக்ஷன், ரியாக்ஷன் எதையும் செலவழிக்காமல் நகர்த்தப்படுபவருக்கு அந்த அடி இல்லை. டிஸனன்ட் விஸ்பர்ஸ் மந்திரம் வேறு. அது எதிரியின் ரியாக்ஷனையே செலவழிக்க வைத்து ஓட வைக்கிறது, அதனால் தாராளமாக அடிக்கலாம்.

பிச்சாவரம் மாதிரி ஒரு சதுப்புநில வரைபடம் போட்டேன். முழுக்கக் கடின நிலம். இரண்டு மணி நேரம் யாரும் யாரையும் எட்டவில்லை.
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

கடின நிலத்தில் நடக்கும் ஒவ்வோர் அடித் தூரத்துக்கும் வேகத்தில் இரண்டடி செலவு, ஆகவே 30 அடி வேகத்துக்கு மூன்றே கட்டம். விழுந்தவர் எழ 15 அடி, மீதி 15-இல் ஒரு கட்டம்தான் போக முடியும், 5 அடி வீண். சேறு, வேர், தண்ணீர் மூன்றும் ஒரே கட்டத்தில் இருந்தாலும் செலவு மூன்று மடங்கோ நான்கு மடங்கோ ஆகாது. கடின நிலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. நீங்கள் ஏற்றியிருந்தால் ஆட்டம் நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

வரைபடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேறு வேண்டாம். நடுவே ஒரு கட்ட அகலத்தில் மேட்டுப் பாதை ஒன்று வளைந்து போகட்டும், யார் அதைப் பிடிப்பது என்பதே சண்டையாகிவிடும். சுரபுன்னை வேர்த் திட்டுகளை இரண்டு கட்ட இடைவெளியில் வையுங்கள். ஸ்ட்ரெங்த் (வலிமை எண்) 16 உள்ளவர் 10 அடி ஓடிவந்தால் 16 அடி தாண்டலாம், நின்ற இடத்திலிருந்து என்றால் 8 அடிதான். தாண்டும் தூரம் வேகத்தில் கழியும், ஆனால் கீழே இருக்கும் சேற்றுக்கு இரட்டைச் செலவு கிடையாது. சேற்றிலேயே போய் இறங்கினால் மட்டும் அக்ரோபேட்டிக்ஸ் (சமநிலை காக்கும் திறன்) சோதனையில் 10-ஐ எட்ட உருட்டச் சொல்லுங்கள். தவறினால் குப்புற விழுவார், அடுத்த டர்னில் எழுவதற்கே அந்த 15 அடி போகும்.